பழைய வில்லை, புதிய காமிரா: குணமா, குற்றமா?

ஒளிப்படக் கலையில் ஈடுபாடுடைய இளைஞர்களிடையே அண்மை ஆண்டுகளில் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. முப்பது, நாற்பது, ஏன், அறுபது ஆண்டுகளுக்கு முன் பிலிம் காமிராக்களுக்கென்று செய்யப்பட்ட வில்லைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஓர் உலோக வளையத்தின் உதவியால் அவற்றை இன்றைய டிஜிட்டல் காமிராவில் பொருத்திப் படம் எடுக்கிறார்கள். பேச்சு வழக்கில் லென்ஸ் என்று நாம் சொல்லும் இவ்வில்லைகளில் தானாகக் குவியப்படுத்தும் மோட்டார் கிடையாது. காமிராவோடு பேசும் மின்தொடர்பு கிடையாது. கையால் திருகியே படத்தைக் கூர்மையாக்க வேண்டும். இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்டால் இரண்டு விடைகள் வருகின்றன. ஒன்று, விலை குறைவு என்பது. மற்றொன்று, 'பழைய வில்லைக்கு ஒரு குணம் உண்டு. புதிய வில்லைகள் உயிரற்றவை' என்பது.

முதல் விடையைப் பற்றி நமக்கு வழக்கில்லை. இரண்டாவது விடையே ஆராயத் தக்கது. குணம், உயிர், முப்பரிமாணத் தோற்றம், மாயம் என்றெல்லாம் புகழப்படும் இயல்புகளுக்கு ஒளியியல் நூல்களில் இப்பெயர்கள் இல்லை. ஆயினும் இச்சொற்களால் குறிக்கப்படும் காட்சிகளில் பல உண்மையானவை. அவற்றுக்கு அளந்து சொல்லக்கூடிய காரணங்களும் உள்ளன. காரணம் அறியாமல் பெயரை மட்டும் கேட்டு வில்லை வாங்குகிறவர் பணத்தையும் இழந்து, எதிர்பார்த்த படத்தையும் பெறாமல் போகிறார். அவருக்காகவே இந்த மதிப்பீடு.

இரண்டு மில்லிமீட்டரில் அனாதையானவை

ஒன்றுக்கென்று செய்த வில்லையை வேறொன்றில் பொருத்துவது புதிய செய்தியன்று. 1975ல் வெளிவந்த 'பாரி லிண்டன்' திரைப்படத்தில் மெழுகுவத்தி ஒளியிலேயே சில காட்சிகளை எடுக்க விரும்பினார் இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக். அதற்கென, அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் நிலாத் திட்டத்துக்காகக் கார்ல் சைஸ் செய்திருந்த 50 மி.மீ. எப் 0.7 வில்லையை வாங்கினார். அதன் பின்கண்ணாடி பிலிமுக்குச் சில மில்லிமீட்டர் அருகில் நிற்க வேண்டும். எனவே திரைப்படக் காமிராவின் உட்புறத்தையே குடைந்து மாற்ற நேர்ந்தது. மாற்றிய பின் அக்காமிரா வேறு வில்லைகளுக்கு உதவாமல் போயிற்று.

அங்கே எழுந்த சிக்கல்தான் எங்கும் எழுவது. வில்லை வந்து அமரும் வளையத்திலிருந்து பிலிம் வரை உள்ள இடைவெளி ஒவ்வொரு காமிரா வகைக்கும் ஒவ்வோர் அளவு. இதனைப் பொருத்துத் தூரம் என்று கூறுவோம். தொலைவிலுள்ள மலையின் பிம்பம் பிலிமின் மீது கூர்மையாக விழ இத்தூரம் பிசகக் கூடாது. 1949ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வெளிவந்த காண்டாக்ஸ் எஸ் காமிராவில் தோன்றி, பின்னர் பல நாடுகளில் பரவிய எம் 42 என்னும் திருகுமரை வகைக்கு இது 45.46 மி.மீ. நிக்கான் நிறுவனத்தின் எப் வகைக்கு 46.5 மி.மீ. கானான் நிறுவனத்தின் எப்.டி. வகைக்கு 42 மி.மீ.

இவ்வளவு இடைவெளி எதற்கு? வில்லைக்கும் பிலிமுக்கும் நடுவே ஓர் ஆடி சாய்வாக நின்றது. வில்லை வழியே வரும் காட்சியைக் கண்ணுக்குக் காட்டிவிட்டு, படம் எடுக்கும் கணத்தில் அது மேலே எழும்பும். அது எழும்ப இடம் வேண்டுமன்றோ?

பழைய வில்லையின் பொருத்துத் தூரம் புதிய காமிராவினுடையதைவிடப் பெரியதாக இருந்தால், வேறுபாட்டை ஒரு வெற்றுக் குழாயால் நிரப்பிவிடலாம். சிறியதாக இருந்தால் வில்லையைக் காமிராவுக்குள் புதைக்க வேண்டும். அல்லது அருகிலுள்ள பொருள்களை மட்டும் எடுத்துத் திருப்தியடைய வேண்டும். 1971 முதல் விற்கப்பட்டு வந்த கானான் எப்.டி. வில்லைகளுக்கு நேர்ந்த கதி இதுதான். 1987ல் அந்நிறுவனம் 44 மி.மீ. பொருத்துத் தூரமுள்ள புதிய வகைக்கு மாறியது. இடையிலிருந்த 2 மில்லிமீட்டர், நல்ல நிலையிலிருந்த வில்லைகளை ஒரே நாளில் அனாதைகளாக்கிவிட்டது. நடுவே கூடுதலாக ஒரு சிறு வில்லை வைத்த வளையங்கள் வந்தன. ஆனால் அவை படத்தின் தரத்தைக் கெடுத்தன.

ஆடி மறைந்தபோது இச்சிக்கலும் மறைந்தது. 2008ல் ஒலிம்பஸ், பானசோனிக் நிறுவனங்கள் அறிவித்த ஆடியில்லா வகைக்குப் பொருத்துத் தூரம் 19.25 மி.மீ. தான். 2010ல் வந்த சோனியின் இ வகைக்கு 18 மி.மீ. 2013ல் அதே வகையில் வந்த ஆல்பா 7 காமிராவின் ஒளியுணர்வி, பழைய பிலிமின் அளவான 36க்கு 24 மி.மீ. பரப்பு முழுவதையும் கொண்டிருந்தது. 2018ல் நிக்கானின் இசட் வகை 16 மி.மீ. தூரத்தோடும், கானானின் ஆர்.எப். வகை 20 மி.மீ. தூரத்தோடும் வந்தன. ஆகவே எப்.டி., எம் 42, நிக்கான் எப் ஆகிய எல்லாமே இன்று ஒரு வெற்றுக் குழாயால் பொருந்துகின்றன. பழைய வில்லைகளின் மறுபிறப்புக்கு ரசனையின் மாற்றத்தைவிட இந்த எண்களே பெரிய காரணம் எனலாம்.

வளையத்தின் நேர்மை

எம் 42 வில்லையைச் சோனி காமிராவில் பொருத்தும் குழாயின் உயரம் 45.46லிருந்து 18 போக, 27.46 மி.மீ. இருக்க வேண்டும். கண்ணாடி ஏதுமில்லாத வெறும் உலோகக் குழாய் என்பதால் எதை வாங்கினாலும் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. குழாய் 0.1 மி.மீ. உயரம் கூடிவிட்டதாகக் கொள்வோம். குவியத் தூரத்தின் வர்க்கத்தை அப்பிழையால் வகுத்தால், அவ்வில்லையால் குவியப்படுத்தக்கூடிய மிகத் தொலைவு கிடைக்கும். 50 மி.மீ. வில்லைக்கு 2500ஐ 0.1ஆல் வகுக்க 25,000 மி.மீ., அதாவது 25 மீட்டர் ஆகிறது. 20 மி.மீ. அகலக்கோண வில்லைக்கோ 4 மீட்டர்தான்! அதற்கு அப்பாலுள்ள கோபுரமும் மலையும் முழுக் கூர்மை பெறா. திறப்பைச் சுருக்கினால் ஓரளவு ஈடுகட்டலாம், அவ்வளவே.

இதற்கு அஞ்சியே மலிவான வளையங்கள் பெரும்பாலும் வேண்டுமென்றே சற்றுக் குட்டையாகக் கடையப்படுகின்றன. அப்போது முடிவிலித் தொலைவு எட்டிவிடும். ஆனால் வில்லையின் மீது பொறித்துள்ள தூர எண்கள் பொய்யாகிவிடும். திரையைப் பார்த்துக் குவியப்படுத்துவோருக்கு இதனால் பெருங்கேடில்லை. வளையத்தின் இரு முகங்களும் இணையாக இல்லாமல் சாய்ந்திருப்பதே தீராத குறை. படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால், பலர் வில்லையைப் பழிக்கிறார்கள். வில்லையைக் குறைகூறுமுன் வளையத்தைச் சோதிப்பது முறை. தட்டையான செங்கற்சுவர் ஒன்றை நேர் எதிரே நின்று, பெரிய திறப்பில் எடுத்துப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும்.

மற்றொரு பொறிப்பும் நம்மை ஏமாற்றக் கூடும். எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை படம் தெளிவாக இருக்கும் என்று காட்டும் கோடுகள் பழைய வில்லைகளில் உண்டு. பிலிமின் மீது ஏறத்தாழ 0.03 மி.மீ. அகலமுள்ள மங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்ற கணக்கில் அவை வரையப்பட்டவை. 36க்கு 24 மி.மீ. பரப்பில் 240 லட்சம் படப்புள்ளிகள் கொண்ட உணர்வியில் ஒரு புள்ளியின் அகலம் 0.006 மி.மீ. அதாவது அந்த மங்கல் வட்டத்தின் குறுக்கே ஐந்து புள்ளிகள் அடங்கும். அஞ்சலட்டை அளவில் அச்சிடுவோருக்குப் பழைய கோடுகள் போதும். திரையில் புள்ளி புள்ளியாகப் பெருக்கிப் பார்ப்போருக்கு அவை போதா. வில்லை மாறவில்லை, நாம் பார்க்கும் முறை மாறிவிட்டது.

'குணம்' என்பது யாது?

இனி மையக் கேள்விக்கு வருவோம். 'குணமுள்ள' வில்லைகளில் பெயர் பெற்றது சோவியத் நாட்டின் ஹீலியாஸ் 44. குவியத் தூரம் 58 மி.மீ.; பெரிய திறப்பு எப் 2. சைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே வகுத்த பயோட்டார் வில்லையைப் பின்பற்றியது. ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக அமைந்தது. மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் தொடங்கிப் பல ஆலைகளில் பெருந்தொகையாகச் செய்யப்பட்டதால், இன்றும் எளிதில் கிடைக்கிறது. இவ்வில்லையால் ஒருவரை மரங்களின் முன் நிறுத்தி எடுத்தால், பின்னணி இலைகள் அவரைச் சுற்றிச் சுழல்வதுபோல் தோன்றும். இந்தச் சுழலே இதன் குணம் என்று கொண்டாடப்படுகிறது.

சுழலின் காரணம் எளியது. பின்னணியிலுள்ள ஒவ்வோர் ஒளிப்புள்ளியும் குவியாமல் ஒரு சிறு வட்டமாக விழுகிறது. படத்தின் நடுவில் அது முழு வட்டம். ஓரத்துக்குச் செல்லும் ஒளிக்கற்றையோ வில்லைக் குழலின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் இடிபட்டு, இருபுறமும் வெட்டப்படுகிறது. ஆகவே அங்கு வட்டம் கண்ணின் வடிவம் பெறுகிறது. அக்கண்களின் நீளவாக்கு, படத்தின் மையத்தைச் சுற்றி வரையப்படும் வட்டத்தின் போக்கில் அமைகிறது. இவ்வாறான நூற்றுக்கணக்கான கண்கள் ஒரே முறையில் வரிசைப்படும்போது நம் மூளை அதனைச் சுழற்சியாகக் காண்கிறது. ஓரத்தில் பிம்பத் தளம் வளைவதும் இதற்குத் துணை செய்கிறது. எப் 4க்குச் சுருக்கினால் வெட்டு நீங்கி வட்டங்கள் முழுமையடைகின்றன. சுழலும் பெரிதும் மறைகிறது.

ஓரத்தில் பிறப்பது சுழல் என்று அறிந்தவுடன் ஒரு நடைமுறை உண்மை புலப்படும். பிலிமின் மூலைவிட்டம் 43 மி.மீ. பல காமிராக்களில் உள்ள சிறிய உணர்வியின் மூலைவிட்டமோ 28 மி.மீ. தான். அது வில்லை தரும் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. சுழல் இருக்கும் ஓரம் உணர்விக்கு வெளியே வீணாகிறது. சுழலுக்கென்றே ஹீலியாஸ் வாங்கிச் சிறிய உணர்வியில் பொருத்துகிறவர், சாதாரணமான ஒரு 58 மி.மீ. வில்லையையே பெறுகிறார். வில்லையின் பெயரை மட்டும் கூறி, உணர்வியின் அளவைக் கூறாமல் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல்.

2013 முதல் இதற்கு ஒரு மாற்று கிடைக்கிறது. வெற்றுக் குழாய்க்குப் பதிலாக, பிம்பத்தை 0.71 மடங்காகச் சுருக்கும் கண்ணாடிகள் கொண்ட வளையத்தை மெட்டாபோன்ஸ் நிறுவனம் வெளியிட்டது. இழந்த ஓரம் பெரும்பாலும் திரும்பி வருகிறது. அதே ஒளி பாதிப் பரப்பில் செறிவதால் பிரகாசமும் இருமடங்காகிறது. ஆனால் அப்போது படம் எடுப்பது பழைய வில்லை மட்டுமன்று, பழையதும் புதியதும் சேர்ந்த ஒரு கலவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மற்றொரு புகழ் பெற்ற குணம், பின்னணி விளக்குகள் சோப்புக் குமிழிகள்போல் விளிம்பு மின்னத் தெரிவது. கோர்லிட்ஸ் நகரின் மேயர் நிறுவனம் செய்த டிரயோபிளான் 100 மி.மீ. எப் 2.8 இதற்குப் பேர்போனது. மூன்றே கண்ணாடிகள் கொண்ட வில்லை அது. வில்லையின் நடுவழியே வரும் கதிர்களும் விளிம்புவழியே வரும் கதிர்களும் ஒரே இடத்தில் குவியாமையைக் கோளப் பிறழ்ச்சி என்கிறோம். அப்பிழையைத் திருத்தப் போய், அளவுக்கு மேல் திருத்தினால் பின்னணி வட்டங்களின் விளிம்பில் ஒளி மிகுந்து சேரும். குமிழி பிறக்கும். அதே நிறுவனம் படவில்லைத் திரையிடு கருவிகளுக்குச் செய்த டயாபிளான் 100 மி.மீ. வில்லையும் அதே மூன்று கண்ணாடி அமைப்புடையது. அதே குமிழிகளைத் தருகிறது. குழலும் பெயரும் வேறு, இயற்பியல் ஒன்றே.

இங்கே வரலாற்றை மறக்கலாகாது. 1840ல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வகுத்த வில்லை, முகப்படம் எடுக்க நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தைப் பெரிதும் குறைத்தது. அதற்காகவே அது உலகப்புகழ் பெற்றது. அதன் ஓரத்தில் தோன்றும் சுழலும் மங்கலும், வேகத்துக்காக அவர் கொடுத்த விலை. 2013ல் லோமோகிராபி நிறுவனம் பெட்ஸ்வால் பெயரில் புதிய வில்லையை வெளியிட்டபோது, அந்தச் சுழலையே முதற்சிறப்பாக முன்வைத்தது. வகுத்தவர் பொறுத்துக்கொண்ட குற்றம், விற்பவர் கையில் குணமாகிவிட்டது. இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் வாங்குகிறவர் தாம் எதற்குப் பணம் தருகிறோம் என்று அறிந்திருக்க வேண்டும்.

திறப்பைச் சுருக்கினால் என்ன ஆகும் என்ற கணக்கும் அறியத் தக்கது. எப் 2லிருந்து எப் 8க்கு வந்தால் திறப்பின் விட்டம் கால் பங்காகிறது. கோளப் பிறழ்ச்சியால் வரும் மங்கலின் அகலம் விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது; அது 64ல் ஒரு பங்காகிவிடும். ஓரத்துப் புள்ளிகளுக்கு வால்நட்சத்திரம்போல் வால் முளைக்கும் பிழை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது 16ல் ஒரு பங்காகும். பிம்பத் தளம் வளைவதால் வரும் மங்கல் 4ல் ஒரு பங்காகும். நேர்க்கோடு வளைந்து தெரிவதும், ஓரத்தில் நிறங்கள் விலகித் தெரிவதும் மட்டும் திறப்பால் மாறுவதில்லை. ஆகவே பழைய வில்லையின் 'குணம்' பெரும்பாலும் பெரிய திறப்பில் மட்டும் வாழ்கிறது. எப் 8ல் எடுத்த இயற்கைக் காட்சியில் தம் வில்லையின் உயிர் ததும்புவதாகக் கூறுவோர், அந்த உயிரை வேறெங்கோதான் தேட வேண்டும்.

கண்ணாடி குறைந்தால் உயிர் மிகுமா?

பழைய வில்லைகளில் நான்கு முதல் ஏழு கண்ணாடிகள். இன்றைய வில்லைகளில் பதினைந்துகூட உண்டு. இத்தனை கண்ணாடிகளைக் கடந்து வருவதால் ஒளி தன் உயிர்ப்பை இழக்கிறது என்றும், கண்ணாடி குறைந்த வில்லையே முப்பரிமாணத் தோற்றம் தரும் என்றும் ஒரு வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நான்கு தொகுதி வில்லையில் காற்றைத் தொடும் முகங்கள் எட்டு. எனவே 72 சதவீத ஒளியே பிலிமைச் சேரும். மீதியில் ஒரு பகுதி முகங்களுக்கிடையே முன்னும் பின்னும் அலைந்து, படத்தின் மீது வெண்திரைபோல் பரவும். சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935ல் காப்புரிமை பெற்ற மெல்லிய பூச்சு இதை மாற்றியது. பூச்சின் இரு பக்கங்களிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரே பூச்சினால் இழப்பு முகத்துக்கு 1.5 சதவீதமாகக் குறைவதாகக் கொண்டால், அதே எட்டு முகங்கள் 88 சதவீதத்துக்கு மேல் ஒளியை அனுப்பும். இன்றைய பலபடலப் பூச்சில் இழப்பு அரைச் சதவீதம் என்று கொண்டால், பதினொரு தொகுதிகள், அதாவது 22 முகங்கள் கொண்ட வில்லைகூட 89 சதவீதத்துக்கு மேல் அனுப்புகிறது!

ஆகவே கண்ணாடிகளின் எண்ணிக்கையைக் கொண்டு உயிர்ப்பை அளப்பது, பூச்சு இல்லாத காலத்து நியாயத்தை இன்று பேசுவதாகும். பழைய வில்லையில் நிழற்பகுதிகள் மென்மையாகத் தெரிவது உண்மை. அது பெரும்பாலும் சிதறிய ஒளி நிழலில் கலப்பதன் விளைவு. சூரியனை நோக்கி எடுக்கும்போது சிலருக்கு அது அழகு; எல்லா நேரத்திலும் வேண்டுவதன்று. நிழல்மூடி ஒன்றை முன்னால் மாட்டினாலே பழைய வில்லையின் படம் வியக்கத்தக்க அளவு தெளியும்.

புதிய வில்லைகளின் மீதும் ஒரு குறை சொல்லலாம். அவற்றுள் பல, நேர்க்கோடுகளை வளைத்தே பிம்பம் தருகின்றன. காமிராவிலுள்ள கணிப்பொறி அவ்வளைவைத் திருத்திக் காட்டுகிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில் வளைவைக் கண்ணாடியாலேயே திருத்த வேண்டியிருந்தது. நல்ல பழைய 50 மி.மீ. வில்லை இந்த ஒரு விஷயத்தில் மிகவும் நேர்மையானது.

பிலிமும் உணர்வியும் ஒன்றல்ல

பழைய வில்லையைப் பிலிமில் சோதித்து எழுதிய புகழுரைகளை அப்படியே டிஜிட்டல் காமிராவுக்குப் பொருத்துவது பெருந்தவறு. பிலிம் எந்தக் கோணத்தில் வரும் ஒளியையும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஏற்கும். உணர்வியின் முன் அகச்சிவப்பொளியைத் தடுக்கும் கண்ணாடித் தகடுகள் உள்ளன; பல காமிராக்களில் இவற்றின் மொத்தத் தடிமன் 2 மி.மீ. அளவு. நேராக வரும் கதிர்களை இது சற்றே பின்தள்ளும். சாய்ந்து வரும் கதிர்களை மேலும் பின்தள்ளும். விளைவாக மூலைகள் கலங்குகின்றன. தவிரவும், ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரு சிறு கிணறு போன்றது. மிகச் சாய்ந்த ஒளி அதன் அடியைச் சேராது. மூலைகள் இருளடைவதும் சில வேளை நிறம் மாறுவதும் இதனால்தான்.

எந்த வில்லைகள் இதனால் மிகவும் பாதிக்கப்படுகின்றன? ஆடி இல்லாத பழைய காமிராக்களுக்கென்று செய்யப்பட்ட அகலக்கோண வில்லைகள். லைக்கா எம் வகை இதற்கு உதாரணம். அவற்றின் பின்கண்ணாடி பிலிமை நெருங்கி நிற்பதால் கதிர்கள் மிகவும் சாய்ந்து விழும். ஆடியுள்ள காமிராவுக்கு அகலக்கோண வில்லை செய்யத் தனி வழி காண நேர்ந்தது. 1950ல் பிரான்சின் பியர் ஆஞ்செனியூ வகுத்த ரெட்ரோபோகஸ் வில்லை அவ்வகையினது. ஆடிக்கு இடம்விட்டுப் பின்கண்ணாடி தள்ளி நிற்பதால் கதிர்கள் அதிகம் சாய்வதில்லை. அன்று வில்லை வகுப்போருக்குத் தலைவலி தந்த ஆடி, இன்று அவ்வில்லைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்பது வேடிக்கையே.

லைக்கா நிறுவனமே தன் பழைய வில்லைகளுக்கு உகந்த டிஜிட்டல் காமிரா செய்ய முனைந்தபோது இச்சிக்கலில் அகப்பட்டது. 2006ல் வந்த அதன் எம் 8 காமிராவில் தகட்டை மெல்லியதாக்கினார்கள். உணர்வியின் ஓரத்திலுள்ள நுண்வில்லைகளை மையம் நோக்கி நகர்த்தி அமைத்தார்கள். மூலைகள் தேறின. ஆனால் மெல்லிய தகடு அகச்சிவப்பைப் போதிய அளவு தடுக்காததால், சில கறுப்புச் செயற்கைத் துணிகள் கருஞ்சிவப்பாகப் பதிந்தன. வில்லையின் முன் மாட்டத் தனி வடிகட்டிகளை வழங்க நேர்ந்தது. வில்லையும் உணர்வியும் சேர்ந்தே ஒரு கருவி என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எதுவும் கற்பிக்காது.

மஞ்சள் கண்ணாடியும் பூஞ்சையும்

பழைய வில்லை வாங்குவோர் இரண்டு பொருள்களைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். முதலாவது தோரியம். ஒளியை மிகுதியாக வளைத்து, நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி செய்வதற்காகத் தோரியம் ஆக்சைடைச் சேர்க்கும் வழக்கம் முன்பு இருந்தது. ஜப்பானின் சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எப் 1.4 வில்லையின் ஏழு கண்ணாடி வடிவம் பலரும் அறிந்த உதாரணம். தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள்; ஆதலால் அதன் கதிரியக்கம் நம் காலத்தில் குறையாது. அக்கதிர்கள் கண்ணாடியின் உள்ளமைப்பில் குறைகளை உண்டாக்க, ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்ணாடி மஞ்சளாகிறது. சில நாள்கள் புறஊதா ஒளி பட வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் நீங்கும். டிஜிட்டல் காமிராவில் நிறச்சமன்பாட்டைத் திருத்தியும் சமாளிக்கலாம். கொஞ்சம் ஒளி குறையும், அவ்வளவே. இத்தகைய வில்லையைக் காமிராவில் வைத்துப் பயன்படுத்துவதில் அஞ்சத்தக்க ஆபத்தில்லை. ஆனால் அதை உடைப்பதும், தேய்ப்பதும், கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கியாக்குவதும் கூடா.

இரண்டாவது பூஞ்சைக் காளான். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், இருட்டான தோல்பைக்குள் அடைத்து வைத்த வில்லையில் சிலந்தி வலைபோல் இது படரும். தொடக்கத்தில் துடைத்து நீக்கலாம். நாளானால் அது சுரக்கும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். அந்த வடு நீங்காது. வாங்குமுன் திறப்பை முழுதும் விரித்து, பின்னாலிருந்து கைவிளக்கைப் பாய்ச்சி வில்லையைச் சோதிக்க வேண்டும். வாங்கிய பின் காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா கூழ்மப் பொட்டலத்தோடு வைப்பது நலம்.

முடிவுரை

பழைய வில்லையின் குணம் என்பது, பெயரிட்டு அளக்கக்கூடிய பிழைகளின் கூட்டமே. அதனால் அது இழிந்ததாகிவிடாது. வீணையின் நாதமும் தூய ஒற்றை அதிர்வெண்ணால் ஆனதன்று. கூடவே எழும் பல அதிர்வுகளே அதற்கு இனிமை தருகின்றன. ஆனால் வீணை செய்பவர் எந்தக் கட்டை எந்த நாதம் தரும் என்று அறிந்து செய்கிறார். பழைய வில்லையைப் பயன்படுத்துவோரும் அவ்வாறு அறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். சுழல் வேண்டுமா? முழு அளவு உணர்வியும், பெரிய திறப்பும், பின்னால் தள்ளி நிற்கும் மரங்களும் வேண்டும். மங்கலற்ற மூலைகள் வேண்டுமா? எப் 8ம் நல்ல வளையமும் வேண்டும். இவை எவையும் மாயமல்ல.

எளிய சோதனை ஒன்றைச் சொல்லி முடிப்போம். பழைய வில்லை ஒன்றையும், அதே குவியத் தூரமுள்ள புதிய வில்லை ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஒரே பொருளை எப் 2, எப் 4, எப் 8 ஆகிய திறப்புகளில் இரண்டாலும் படம் எடுங்கள். எது எதனால் எடுக்கப்பட்டது என்று சொல்லாமல் நண்பரிடம் காட்டுங்கள். எந்தத் திறப்பு வரை அவர் சரியாகப் பிரித்தறிகிறாரோ, அதுவரைதான் உங்கள் வில்லைக்குக் குணம் உண்டு. பள்ளிப் பாடநூலில் கதிர்ப்படமாக மட்டும் கண்ட பிறழ்ச்சிகளை ஒரு மாணவர் தம் கையாலேயே உண்டாக்கி, தம் கையாலேயே நீக்கிப் பார்க்க இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் கிடைப்பதரிது. பழைய வில்லையை வாங்கத் தகுந்த காரணம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமானால், நாம் இதைத்தான் சொல்வோம்.